பழைய கேம்பர் வேனில் முதல் பயணம்: கிளம்புமுன் எதைப் பார்ப்பது, எதை விடுவது

கேள்வி இதுதான். சுமார் முப்பது வருடம் பழைய கேம்பர் வேன் ஒன்றை, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வேனை, வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் கடைசிச் சில வருடங்களாக அதை அதிகம் எடுக்கவில்லை, அதனால் கிலோமீட்டர் குறைவு. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர். முதல் பயணமே பத்து நாள், மலைப்பகுதிக்கு. அதற்குமுன் என்னென்ன சரிபார்க்க வேண்டும், என்னென்ன வாங்க வேண்டும்?

மலை எங்கும் போய்விடாது, அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஒரு முகாம் தளத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய், கழிப்பறை மூன்றும் அங்கே இருக்கட்டும். வண்டியில் எது மக்கர் செய்தாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஒரு இரவு போதாதா என்றால், போதாது. முதல் இரவில் எதுவும் சரியாக அமையாது. எதை மாற்றி வைக்க வேண்டும் என்று புரிந்து, மாற்றிப் பார்ப்பது இரண்டாம் இரவில்தான்.

குறைவாக ஓடிய வண்டி என்று நீங்கள் சந்தோஷமாகச் சொல்லியிருப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கேம்பர் வேன்கள் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே அதிகம். டயரும் ரப்பர் குழாய்களும் நின்ற இடத்திலேயே காய்ந்து வெடிப்பு விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பேட்டரி செத்துப்போகும். கேஸ் பர்னருக்குள் சிலந்தி கூடு கட்டும். மீட்டரில் இவை எதுவும் தெரியாது. அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை விட, எது எந்த வருடம் மாற்றப்பட்டது என்பதைத்தான். பழைய ரசீதுகள் கிடைத்தால் உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். ரசீது இல்லாத வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டயரில் தொடங்கலாம். பக்கச் சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், அது செய்யப்பட்ட வாரமும் வருடமும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அந்த டயர் 2000-க்கு முன் செய்தது. அதில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்ததே பெரிய விஷயம். ஆறு வருடம் தாண்டிய டயரை வருடந்தோறும் டயர் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கேம்பர் வேன் டயர்கள் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, பார்க்கப் புதிதாகவே இருக்கும்; ஏமாறுவது அங்கேதான். வெளிப்பக்கத்தை மட்டும் பார்க்காமல், கீழே குனிந்து உள்பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம், பெரும்பாலும் வண்டியிலேயே வயதானது அதுதான். காற்று அளவு, சுமை ஏற்றிய வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். ஓட்டுநர் கதவோரத்திலோ வண்டிக் கையேட்டிலோ அது இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். வேன் டயர் மாற்றும்போது எடை தாங்கும் குறியீட்டைக் கேட்டு வாங்குங்கள். கார் டயரை மாட்டிக்கொண்டு மூன்று டன் வண்டி ஓட்டுவது வினையை விலைக்கு வாங்குவது.

அடுத்து பிரேக். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேரச் சேர அந்த வரம்பு 155 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். சமதளத்தில் இதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போதுதான் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி உருவாகி, பெடல் மெத்தென்று தரைக்குப் போகும். மலையைத் தள்ளிப்போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பிரேக் குழாய்களில் இன்னொரு விஷமம் உண்டு: வெளியே நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். அப்போது மிதித்த பிரேக் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனலடித்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

இன்ஜின் பக்கம் நான் முதலில் கேட்பது டைமிங் பெல்ட், வால்வும் பிஸ்டனும் முறை தவறாமல் இயங்க வைக்கும் பெல்ட். அதற்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடியதால் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட்டாக இருந்து ரசீது இல்லையென்றால் கிளம்புமுன் மாற்றுங்கள். கூலன்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸ்களையும் அதே கையோடு பார்த்துவிடலாம். ஹோஸை அழுத்தினால் மொறுமொறுவென்றோ கொழகொழவென்றோ இருக்கக் கூடாது.

பெட்ரோல் வண்டியென்றால் எரிபொருள் குழாய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும், எத்தனால் தாங்கும் குழாய்கள் தனியாகக் கிடைக்கின்றன. 1950-இல் வெளிவரத் தொடங்கிய ஃபோக்ஸ்வாகன் டைப் 2 போன்ற, பின்பக்கம் காற்றால் குளிரும் இன்ஜின் உள்ள வேன்களில் வெடிப்பு விட்ட பெட்ரோல் குழாயால் தீப்பிடிப்பது பெயர்பெற்ற பிரச்சினை. இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பதால் புகை தெரிவதற்குள் காரியம் முடிந்திருக்கும். எந்த வேனாக இருந்தாலும் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே, வெளியே நின்று கையை நீட்டி எடுக்கும் இடத்தில் மாட்டுங்கள். அடுப்புக்கு மேலே மாட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். தீ அடுப்பில்தான் பிடிக்கும், அதைத் தாண்டி யார் கை நீட்டுவது?

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டியதில்லை. பழைய வண்டியைக் கண்டு முகம் சுளிக்காத ஒரு மெக்கானிக்கைப் பிடியுங்கள். ‘பார்த்துக் கொடுங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் ஆயிலை மாற்றிக் கொடுத்துவிடுவார். மேலே சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இனி வேனின் வீட்டுப் பகுதி. இதில் உயிருக்கு அதிகம் ஆபத்தானது கேஸ். மற்றவையில் பெரும்பாலானவை தொந்தரவு மட்டுமே.

சிலிண்டரிலிருந்து அடுப்பு வரை உள்ள கேஸ் லைனை, தகுதி பெற்ற ஆளை வைத்து அழுத்தம் ஏற்றிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இது ஒன்றில் நண்பரின் அனுபவம், சொந்தத் துணிச்சல் இரண்டும் வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது: ரப்பர் டியூபில் அச்சடித்திருக்கும் வருடத்தைப் பார்ப்பது, பழையதென்றால் டியூபையும் ரெகுலேட்டரையும் மாற்றச் சொல்வது, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. அப்புறம், பர்னர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக எரிந்தால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பெரும்பாலும் சிலந்தி வலையும் தூசியும்தான், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் சுத்தம் செய்யும்வரை அந்தப் பர்னரைத் தொட வேண்டாம். மஞ்சள் சுடர் என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வெளிவரலாம் என்று பொருள்.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்கும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் தெளிந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள். எல்லோரும் வெளியேறி, கேஸை மூடி, உடனே மருத்துவ உதவி தேடுங்கள். ஆகவே வாங்க வேண்டியவற்றில் முதல் பொருள் கார்பன் மோனாக்சைடு அலாரம். வேனில் ஏற்கெனவே ஒன்று மாட்டியிருந்தால் அதன் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். அந்த சென்சார்கள் ஐந்து முதல் பத்து வருடம்தான் உழைக்கும். அதற்குப் பிறகும் பட்டனை அழுத்தினால் கத்தும், வாயுவை மட்டும் கண்டுபிடிக்காது.

குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. அதைவிட மோசமானது, வெளியே சுட்டுச் சாப்பிட்ட கரி அடுப்பை ‘அணைந்துவிட்டது, கதகதப்பாக இருக்கட்டும்’ என்று உள்ளே எடுத்து வைப்பது. சாம்பல் பூத்த கரியும் மணிக்கணக்கில் அந்த வாயுவைக் கக்கும். மூடிய வேனிலும் கூடாரத்திலும் குடும்பங்கள் செத்துப்போனது இப்படித்தான்.

பழைய வேன்களில் தரையோடு சில துளைகளும், மேலே மூட முடியாத காற்றுத் திறப்புகளும் இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அது வழிந்து போகத்தான் அந்தத் துளை. குளிர்க்காற்று வருகிறது, எலி வருகிறது என்று முன்பு வைத்திருந்தவர்கள் டேப் ஒட்டியோ கம்பளம் விரித்தோ அடைத்திருப்பார்கள். தேடிக் கண்டுபிடித்துத் திறந்துவிடுங்கள். எலிக்குக் கம்பி வலை போதும்.

மலைக்குப் போகும்போது பயன்படும் ஒரு விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன். சமையல் கேஸாக வருவது பியூட்டேன் அல்லது புரோப்பேன், இல்லையென்றால் இரண்டின் கலவை. பியூட்டேன் சுமார் 0 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் அடுப்பு எரியாது. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். குளிர் இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் அதன் அழுத்தம் அதிகம் என்பதால் ரெகுலேட்டரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். எந்த கேஸானாலும் சிலிண்டர் நிமிர்ந்து, பட்டையால் கட்டப்பட்டு, ஓடும்போது வால்வு மூடியபடி இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கில் நுழையுமுன் ஃப்ரிட்ஜின் கேஸ் சுடர் அணைந்திருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

ஃப்ரிட்ஜைப் பற்றி வரும் புகார்களில் பாதி, அதன் சுபாவம் தெரியாததால் வருபவை. பழைய கேம்பர்களில் பெரும்பாலும் இருப்பது கம்ப்ரஸர் இல்லாத வகை. அம்மோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைச் சூடாக்கி, ஆவியாக்கி, மறுபடி குளிர்வித்துச் சுற்றவிட்டு வேலை செய்யும். சூட்டைத் தருவது கேஸ் சுடர், வீட்டு மின்சாரம், அல்லது வண்டி பேட்டரியின் 12 வோல்ட். மோட்டார் இல்லாததால் சத்தமே வராது. ஓடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கரைசல் புவியீர்ப்பால் இறங்கி வர வேண்டும் என்பதால் வண்டி சாய்ந்து நின்றால் ஃப்ரிட்ஜ் படுத்துவிடும். நிதானமான பிறவி அது. குளிர அரை நாள் எடுக்கும், கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் போட்டு, ஏற்கெனவே குளிர்ந்த பொருள்களை வையுங்கள். வெளி வெப்பத்தைவிட இருபது இருபத்தைந்து டிகிரிதான் குறைக்கும், ஆகவே கடும் வெயிலில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 12 வோல்ட் வசதி, ஓடும்போது குளிர்ச்சியைக் காப்பாற்றுவதற்கு மட்டும். இன்ஜினை நிறுத்திய பிறகும் அதிலேயே விட்டுவைத்தால் ஒரு சாயங்காலத்துக்குள் பேட்டரியைக் குடித்துவிடும்.

பேட்டரி என்றதும், கேம்பரில் பெரும்பாலும் இரண்டு இருக்கும்: ஒன்று இன்ஜினை எழுப்ப, இன்னொன்று விளக்கு, தண்ணீர் பம்ப் போன்றவற்றுக்கு. இரண்டாவதைச் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் எதையும் இணைக்காமல் விட்டு அளந்தால் ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். கிழட்டு பேட்டரி மீட்டரில் 12.7 காட்டிவிட்டு, இரண்டு விளக்கைப் போட்டதும் சரிந்துவிடும். எனவே இரண்டு மூன்று மணி நேரம் விளக்கை எரியவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய பல்புகளை எல்இடி-க்கு மாற்றினால் மின் செலவு ஏழெட்டில் ஒன்றாகிவிடும். இந்த வேனுக்குச் செய்யும் செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

வயரிங்கில் கை வைக்குமுன் யோசியுங்கள். முப்பது வருடத்தில் நான்கைந்து பேர் கைமாறியிருக்கும், ஆளுக்கொரு வயர் இழுத்திருப்பார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் கிளம்பும் வயர் எதுவாக இருந்தாலும் அதைக் கழற்றிவிடுங்கள், அல்லது முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். முகாம் தளத்தில் வெளி மின்சாரம் இணைக்கும்போது, உருளையில் சுற்றிய கேபிளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றியபடியே ஹீட்டரையும் கெட்டிலையும் ஓட்டினால் சூடேறி உறை உருகிவிடும். வேனுக்குள் மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் இருந்தால் அதன் சோதனைப் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டும் வரை அந்த வெளி இணைப்பைப் பயன்படுத்த வேண்டாம்.

தண்ணீருக்கு நீண்ட பேச்சு வேண்டாம். டேங்கைக் கழுவி, கிருமிநீக்கி கலந்த தண்ணீரைக் குழாய்கள் வரை நிரப்பி ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசி ஊற்றுங்கள். குடிக்கத் தனிக் கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கேசட் டாய்லெட்டின், அதாவது கழற்றி எடுத்துக் காலி செய்யும் தொட்டியுள்ள கழிப்பறையின், ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒழுக்கும் ஈரமும் பழைய வேனின் பரம்பரை வியாதி. ஜன்னல் ஓரம், கூரை ஜன்னலைச் சுற்றி, அலமாரிக்குள் மேல் மூலை என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பலகை அமுங்கினால் உள்ளே இற்றுப்போயிருக்கிறது. அதற்காக இந்த வாரமே பிரித்துப் போட்டு உட்கார வேண்டாம். இடத்தைக் குறித்து வைத்துவிட்டுப் பயணம் போய் வாருங்கள். மழை பெய்தால் எங்கிருந்து வருகிறது என்று தெளிவாகவே தெரியும்.

பலர் பார்க்காமல் விடுவது எடை. பதிவு ஆவணத்திலோ கதவோரத் தகட்டிலோ அனுமதிக்கப்பட்ட மொத்த எடை இருக்கும். அதில் வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உங்களுக்கான இடம். பழைய, சிறிய வேன்களில் சில நேரம் 300 கிலோ கூட மிஞ்சாது. அதில் நான்கு பேர், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்று தண்ணீர், கேஸ், முன்பு வைத்திருந்தவர் மாட்டிய வெயில் மறைப்பு, சைக்கிள் தாங்கி எல்லாம் அடங்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு எடைமேடைக்குப் போய், முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பின்பக்கம் நீண்டு துருத்தும் வேன்களில் மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மீறியிருக்கும். கனமானவை கீழே, இரண்டு அச்சுகளுக்கு நடுவே இருக்கட்டும். ஓடும்போது தண்ணீர் டேங்க் கால்வாசி போதும், போய்ச் சேர்ந்து நிரப்பிக்கொள்ளலாம்.

பிள்ளைகள் இருப்பதால் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய கேம்பர்களில் பின்பக்க இருக்கைகளுக்கு சீட் பெல்ட்டே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் வெறும் பலகையில் திருகியிருக்கலாம். பெல்ட் சேஸிஸோடு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டு இருக்கையில் பயணம் கூடாது. ஓடும் வண்டியில் படுக்கையில் தூங்குவது கூடாது. பெல்ட் உள்ள இருக்கை நான்கு இல்லையென்றால், அது சரியாகும்வரை இன்னொரு கார் கூட வர வேண்டியதுதான். உயரும் கூரையின் மேல்படுக்கைக்கு எடை வரம்பு உண்டு. அதில் பிள்ளைகளைப் படுக்கவைத்தால் விழாமலிருக்க வலை கட்டுங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று. முகாமுக்குப் போகுமுன் வீட்டு வாசலிலேயே ஒரு இரவு வேனில் தங்குங்கள். விதி ஒன்றுதான்: வீட்டுக்குள் போகக் கூடாது. அதிலேயே சமைத்து, அதிலேயே கழுவி, அதிலேயே தூங்க வேண்டும். பழைய கேம்பரில் மேசையை இறக்கி மெத்தைத் துண்டுகளை அடுக்கிப் படுக்கையாக்குவது ஒரு புதிர் விளையாட்டு. இருட்டில், மழையில், தூக்கம் வந்த பிள்ளைகளோடு அதை முதல்முறை ஆடிப் பார்க்க வேண்டாம். அடுக்கி முடித்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரவில் என்னென்ன இல்லாமல் தவித்தீர்கள் என்பதுதான் உங்கள் வாங்கும் பட்டியல். அதற்குமுன் கடைக்குப் போனால், மடக்கும் பாத்திரங்களும் தொங்கும் பைகளும் வாங்கி அந்த 300 கிலோவை நிரப்பிவிடுவீர்கள்.

கருவிகளில் கட்டாயமானவை கொஞ்சம்தான்: ஃபியூஸ், பல்பு, ஃபேன் பெல்ட், ஹோஸ் கிளிப், ஸ்பேனர் செட், தலையில் மாட்டும் டார்ச். வண்டியோடு வந்த ஜாக்கி, சுமை ஏற்றிய வேனைத் தூக்குகிறதா, சக்கர நட்டு உங்கள் பலத்துக்குக் கழன்று வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சாலை உதவித் திட்டம் எடுப்பதாக இருந்தால், வண்டியின் வயது, எடை, உயரம் ஆகியவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். விளம்பரத்தில் அது இருக்காது.

ஓட்டும்போது மனதில் வைக்க வேண்டியது, இது கார் இல்லை. வேனின் உயரத்தையும் அகலத்தையும் நீங்களே அளந்து, மீட்டர் கணக்கில் ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கையேட்டிலுள்ள உயரத்தில் கூரை மேல் பிற்பாடு மாட்டியது எதுவும் சேர்ந்திருக்காது. வளைவில் திரும்பும்போது பின்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும்; பெட்ரோல் பங்க்கின் தூணில் உரசுவது அப்படித்தான். பெரிய லாரி கடக்கும்போது முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டியரிங்கை இறுக்காமல், இரண்டு கையாலும் பிடித்திருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டரில் போவது பல பழைய வேன்களுக்கு இதமாக இருக்கும், சத்தம் குறையும், எரிபொருளும் மிஞ்சும். ஏற்றத்தில் வெப்பமானி ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, உள் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வியர்க்கும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியாக இறங்கும். அப்படியும் குறையாவிட்டால் ஓரம்கட்டி நிறுத்துங்கள்; சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இறக்கத்தில், இறங்கத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். பாதி வழியில் யோசித்தால் தாமதம்.

முகாம் தளத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். புல்தரையென்றால் வெளியேறும்போது இறக்கமாகப் போகும்படி நிறுத்துங்கள். இரவில் மழை பெய்தால் காலையில் அதன் அருமை தெரியும். சக்கரம் சுழன்றால் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், அழுத்த அழுத்தப் புதையும். சக்கரத்தின் கீழே வைக்கும் சாய்தளக் கட்டைகள் இரண்டு இருந்தால் வண்டியை மட்டமாக்கலாம். ஃப்ரிட்ஜ் தட்டில் ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அங்கே மட்டமாக இருந்தால் போதும். முழுதாக அமையாவிட்டால் தலைமாடு உயரமாக இருக்கும்படி படுங்கள். தலை கீழாக இருந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

இரவில் குளிர்கிறது என்று எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள். நான்கு பேர் ஒரு இரவில் மூச்சிலும் வியர்வையிலும் விடும் ஈரம் ஒரு லிட்டர் அளவுக்கு வரும். காலையில் அது ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் நிற்கும். கூரை ஜன்னலை விரலளவு திறந்து வைத்து, ஒரு போர்வை கூடுதலாகப் போர்த்திக்கொள்வதே வழி. புதிதாக வந்தவர்கள் பலர் இதை ஒழுக்கு என்று நினைத்துக் கூரை முழுக்க சீலன்ட் பூசிவிடுவார்கள்.

கிளம்பும்போது ஒருவர் மட்டும், யாரோடும் பேசாமல், வேனை ஒரு சுற்று சுற்றி வரட்டும். மின் கேபிள், படி, கூரை ஜன்னல், கேஸ் வால்வு, ஃப்ரிட்ஜ் கதவின் பூட்டு, சக்கரத்தின் கீழே வைத்த கட்டைகள். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் கேபிளை இழுத்துக்கொண்டே வாசல் வரை போகும் காட்சிதான், பக்கத்து வேன்காரர்களுக்கு இலவசப் பொழுதுபோக்கு.

வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருந்தாலும் கொஞ்ச வேலை உண்டு. ஒரு வாரம் ஓய்ந்து பார்ப்போம் என்றால் வண்டி மறுபடி நின்று கெடத் தொடங்கும். உயரும் கூரையின் துணியை ஈரத்தோடு மடக்கியிருந்தால் அன்றோ மறுநாளோ திறந்து உலர்த்துங்கள், இல்லாவிட்டால் பூசணம் பிடித்துவிடும், பிடித்தால் கறை போகாது. டேங்குகளையும் டாய்லெட்டையும் காலி செய்யுங்கள். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு மூடாதபடி இடையில் ஏதாவது வைத்துத் திறந்தே விடுங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வையுங்கள். கேஸை மூடுங்கள், பேட்டரியைச் சார்ஜரில் போடுங்கள். டயர்களைத் தொட்டு, கீழே எண்ணெயோ கூலன்ட்டோ சொட்டியிருக்கிறதா என்று பார்த்து, மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய தாளின் இரண்டாம் பக்கத்தை அன்றே எழுதிவிடுங்கள். அதில் இருப்பவை முடிந்த பிறகு மலைக்குத் தேதி குறிக்கலாம்.